சொன்ன பேச்சை நம்பிய ஊர்

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்குள் நுழைந்த பட்டன் அக்கா, இருபத்தேழு கிலோமீட்டருக்கு அப்பால், தங்கியிருந்த ஓட்டலின் வாசலில் வெளியே வந்தார். அன்று காலை இது மூன்று முறை நடந்தது. கூட வந்த பதினெட்டுப் பேரும் அதே கதவு வழியாக ஒழுங்காக உள்ளே போய்விட்டார்கள். இவர் ஒருவர்தான் பெட்டியும் கையுமாக ஒவ்வொரு தடவையும் மறுபடி ரயிலேறிப் போக வேண்டியிருந்தது.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பட்டன் தைத்ததால் வந்த பெயர் அது. தையல் மெஷின் விற்கிறவர்கள் பரிசாகக் கொடுத்த ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு, கட்டிங் மாஸ்டர் தலைமையில் பத்தொன்பது பேர் கிளம்பினார்கள். அக்கா வருவதாகவே இல்லை. மகளுக்கு ஒன்பதாம் மாதம். “இன்னும் பதினஞ்சு நாள் இருக்கும்மா. இப்ப விட்டா எப்பப் பாப்ப? போயிட்டு வா. ஆனா நீ பக்கத்துல இல்லாம நான் பெத்துக்க மாட்டேன், சொல்லிட்டேன்” என்று மகளேதான் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மாப்பிள்ளை கப்பல் வேலையில் இருந்தார். அவளுக்கு அம்மாவை விட்டால் ஆளில்லை.

ஊரா அது! ஆற்றுக்கு மேலேயும் ரயில், ஆற்றுக்கு அடியிலேயும் ரயில். அடுத்த வண்டி மூன்று நிமிடம் என்று பலகையில் வந்தால் மூன்றாவது நிமிடம் வண்டி வந்து நின்றது. கட்டிங் மாஸ்டர் கைக்கடிகாரத்தை வைத்துப் பதினொரு தரம் சோதித்துவிட்டு, பன்னிரண்டாம் தரம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். நாலு மணிக்கு மழை என்று ஓட்டல்காரர்கள் எழுதி ஒட்டினால் நாலுக்குப் பெய்தது. நாலரைக்கு நிற்கும் என்றும் எழுதியிருந்ததால், பாதி வழியில் இருந்த துளிகள் நாலரை ஆனதும் வானத்துக்கே திரும்பிப் போயின. சாலையைக் கடக்கக் கம்பத்தில் ஒரு பட்டன் இருந்தது. அக்கா சும்மா அமுக்கிப் பார்த்தார், நாற்பது வண்டிகள் நின்றுவிட்டன. ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் தலையை ஆட்டிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போனார். “இத்தன வருஷமா பட்டன் தைக்கிறேன், எனக்காக ஒரு சைக்கிள்கூட நின்னதில்ல” என்று, கூட வந்திருந்த கம்பெனி அயர்ன்காரரிடம் சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் வேலை இருக்கிறதோ இல்லையோ, தினமும் ஆறு தரம் அந்தச் சாலையைக் கடந்தார்.

கிளம்பும் நாளில் மூன்றாவது தடவையும் ஓட்டல் வாசலில் வந்து நின்றபோது செல்போன் அடித்தது. “அம்மா, வலி எடுத்துடுச்சும்மா. கிளம்பிட்டியா?” “காலையிலேயே கிளம்பிட்டேன் கண்ணு” என்றார் அக்கா. அது பொய்யும் இல்லை. உடனே அடுத்த போன். அக்காவின் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குள் கட்டிங் மாஸ்டர் கத்து கத்தென்று கத்தினார். அயர்ன்காரர் போனைப் பிடுங்கினார்.

“அக்கா, ரூமைக் காலி பண்ணும்போது என்ன சொன்னீங்க? நாங்கல்லாம் பை பைன்னு கையாட்டினோம்.”

“நான் ஜன்னலைத் தொறந்து, ஊரைப் பாத்து, போயிட்டு வரேன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்லுவாங்க?”

“போச்சு போங்க! சும்மா சொல்றதுன்னா என்னன்னே இந்த ஊருக்குத் தெரியாதே. வரேன்னீங்க, வர வைக்குது. போறேன்னு சொல்லித் தொலைங்க.”

“வாயக் கழுவுங்க. பொண்ணு வலியில துடிக்கிறா, நான் போறேன்னு சொல்லவா?”

நாலாவது முறையாக ரயிலேறிப் போய் அந்தக் கண்ணாடிக் கதவின் முன்னால் பெட்டியைத் தொப்பென்று வைத்தார். அவ்வளவு பிடித்த ஊரிடம் இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகவும் இருந்தது. “இங்க பாரு. போயிட்டு வரேன்னுதான் சொன்னேன். போறது மொதல்ல, வர்றது அப்புறம். போகவே விடாம வா வான்னா எப்படி வருவேன்? எம்பொண்ணுகிட்டயும் இதே வார்த்தையத்தான் சொல்லிட்டு வந்திருக்கேன். உனக்கு முன்னாடி அவகிட்ட சொன்னது.”

ஊர் யோசித்தது. அன்றைக்கு எல்லாத் தடத்திலும் ரயில்கள் ஒரு நிமிடம் தாமதமாக வந்ததை அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். பிறகு கதவு திறந்தது. அக்கா உள்ளே காலை வைத்தார். வைத்த இடம் மகள் படுத்திருந்த பிரசவ அறை. “செருப்பை வெளிய விட்டுட்டு வாங்கம்மா” என்று நர்ஸ் அதட்டினார். மகள் அம்மாவின் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. பத்து நிமிடத்தில் பெண் குழந்தை பிறந்தது. மற்றவர்கள் ஒன்பது மணி நேரம் பறந்து, மறுநாள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

போனது ஆயிற்று, வருவது பாக்கி அல்லவா? குழந்தைக்குத் தலை நின்ற மாதத்தில், துணி காயப்போட மாடிக் கதவைத் திறந்தவருக்கு அந்த ஊர் தெரிந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அதிலிருந்து மாதம் இரண்டு மூன்று தரம் இப்படித்தான். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, ஆசை தீரப் பார்த்துவிட்டு, அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் வந்துவிடுகிறார். கிளம்பும்போது அங்கேயும் அதையேதான் சொல்கிறார், இங்கேயும் அதையேதான் சொல்கிறார். யாராவது வீடு தேடி வந்தால் மகள் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.

“அம்மா வெளிநாடு போயிருக்காங்க. உக்காருங்க, இப்ப வந்துடுவாங்க.”