உள்ளே விட்ட துணி

நாத்தனார் வந்து தங்கிய நாளிலிருந்து தையல்காரிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. மகளுக்கு எடை கூடிவிட்டது, நொறுக்குத்தீனியைக் குறைத்து நடக்க வையுங்கள் என்று டாக்டர் சொன்னதை அவள் தொண்டை வறளச் சொன்னாள். மகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அத்தை கூப்பிட்டால் மட்டும் விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடுகிறாள். காய்கறியைக் கண்டாலே முகம் சுளித்தவள், அத்தை நறுக்கிக் கொடுத்தால் தட்டை வழித்துத் தின்கிறாள். இப்போது யூனிஃபார்ம் ஸ்கர்ட் இடுப்பில் நிற்காமல் நழுவுகிறது.

"அண்ணி, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க" என்றாள் நாத்தனார், ஏதோ தானே பெற்றவள் போல.

தையல்காரி பிடித்துத் தைத்தாள். மிஞ்சிய துணியை மட்டும் வெட்டாமல் உள்ளேயே விட்டாள். நாத்தனார் ஊருக்குப் போகாமலா இருப்பாள்? போனதும் மகள் மறுபடி ஊதுவாள்; தையலைப் பிரித்துவிட்டால் பழைய அளவு வந்துவிடும்.

மகள் போட்டுப் பார்த்து இடுப்பைத் தடவினாள்.

"உள்ள உறுத்துதும்மா. வெட்டிடேன்."

"இருக்கட்டும்டி. பின்னாடி வேணும்."

"யாருக்கும்மா?" என்று கேட்டபடி கத்திரிக்கோலை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள் மகள்.