குர்தின் திரும்பி வந்த சரிவு

பனிச்சரிவு அபாயம் ஐந்தில் மூன்றாம் நிலை என்று காலை அறிவிப்பை செரைனா படித்துக் காட்டியபோதே அண்ணன் குர்தின் சிரித்தான். "குளிர்காலம் முழுக்க மூணுதான்டி போடுவாங்க. அப்ப வீட்டுலயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

இரண்டு நாளாக அடித்த காற்று முகட்டுப் பனியையெல்லாம் வாரி இந்தப் பக்கம் கொட்டியிருந்தது. கடக்க வேண்டிய சரிவின் ஓரத்துக்கு இருவரும் வந்ததுமே காலுக்கடியில் 'தும்' என்று ஏதோ அமிழ்ந்தது. செரைனாவின் ஸ்கீ பலகை நுனியிலிருந்து மெல்லிய கீறல் ஒன்று ஓடி நின்றது.

"அண்ணா, வேணாம். திரும்பிடலாம்."

"தங்குற குடில் அதோ தெரியுது. இவ்ளோ தூரம் ஏறிட்டுத் திரும்பறதா? இடைவெளி விட்டு ஒருத்தர் ஒருத்தரா போயிடலாம்."

"நான் வரல."

"பயந்தாங்கொள்ளி!" என்றபடி அவன் சரிவின் குறுக்கே போனான். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பக்கப் பாறையடியில் நின்று கோலை ஆட்டினான். "பாத்தியா? கல்லு மாதிரி இருக்கு!"

ஒருமுறை தாங்கிய பனி மறுமுறையும் தாங்கும் என்று யார் சொன்னது? "நீ அங்கேயே இரு! நான் கீழ காட்டு வழியா சுத்தி வரேன்!" என்று கத்தினாள். காற்று பாதியைத் தின்றது. அவன் அவளை நோக்கித் திரும்பிப் புறப்பட்டுவிட்டான்.

"வராதே!"

பாதி தூரம் வந்திருப்பான். அவன் தலைக்கு மேலே சரிவு குறுக்காக வெடித்தது. பாளம் பாளமாக நகர்ந்த பனி அவனைச் சுருட்டிக்கொண்டு போயிற்று. பிறகு ஒரே அமைதி.

மேலே இன்னும் தொங்கும் பனி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். இல்லை. அவசர உதவிக்குப் போன் போட்டு இடத்தைச் சொல்லிவிட்டு, மார்பில் கட்டியிருந்த தேடுகருவியை அவன் கருவியின் அலையைப் பிடிக்கும்படி மாற்றிக்கொண்டு இறங்கினாள். திரையில் தூரம் காட்டும் எண் குறைந்தது, ஏறியது, மறுபடி குறைந்தது. பையிலிருந்த நீளக்கம்பியை எடுத்துப் பனிக்குள் இங்கே குத்தினாள், அங்கே குத்தினாள். ஓரிடத்தில் கம்பி மெத்தென்று நின்றது.

மண்வாரியால் வெறிபிடித்தவள்போல் தோண்டினாள். முகம் தெரிந்தது. நீலம் பாரித்திருந்தது. வாயிலிருந்த பனியை விரலால் வழித்தெடுத்தாள்.

"அண்ணா! குர்தின்!"

தொண்டை கரகரவென்றது. இருமினான். மூச்சு வந்துவிட்டது.

அவள் கால்வரை தோண்டியதும், "காலு போச்சுடி" என்று முனகினான். "நீ கத்தினது கேட்டுச்சு. வான்னு கூப்பிடறன்னு நெனச்சேன்."

பள்ளத்தாக்கிலிருந்து ஹெலிகாப்டர் சத்தம் ஏறி வந்தது. பறக்கும் பனி அவன் முகத்தில் படாதபடி குனிந்து மறைத்துக்கொண்டாள்.