கோணிப்போன ஷட்டர்

தனுஷ்கோடியைப் புயல் அள்ளிக்கொண்டு போனதற்கு மறுவருஷம் அது. கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் பக்கத்துத் தெருவில், நூர்முகம்மதுவின் கார் ஷெட்டு வாயைக் கோணிக்கொண்டு நின்றது. அதன் இரும்பு ஷட்டர் ஒரு பக்கம் இடுப்பளவிலும் மறுபக்கம் முழங்கால் அளவிலும் தொங்கியது. மேலேயும் போகாது, கீழேயும் வராது.

அந்த ஷட்டர் அவன் மனைவி மலிகாவின் கல்யாணச் சீர். அவள் அண்ணன் ஜமாலுதீனுக்குச் சிதம்பரத்தில் கடைகளுக்கு ஷட்டர் மாட்டித் தருகிற தொழில். தங்கச்சி மாப்பிள்ளை டாக்சி ஓட்டுகிறவர், வண்டி உப்புக்காற்றில் நிற்கக்கூடாதென்று தன் கையாலேயே செய்து கொண்டுவந்து மாட்டினான். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஆனால் சிதம்பரத்து இரும்புக்குக் கடலோரத்துக் காற்று என்ன தெரியும்? இரண்டு மழைக்காலத்தில், ஷட்டர் ஏறி இறங்குகிற காடியெல்லாம் துரு பொரிந்துவிட்டது.

பரங்கிப்பேட்டைக் கல்யாணம் ஒன்றுக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போக நூர்முகம்மது ஒப்புக்கொண்டிருந்த காலையில்தான் அது மக்கர் பண்ணியது. தெரு ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பி வண்டியை வெளியே எடுப்பதற்குள் மாப்பிள்ளை குதிரை வண்டியில் போய்ச் சேர்ந்துவிட்டார். நெம்பிய ஷட்டர் கோணலாக இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவமானம் தாங்காத நூர்முகம்மது, சிதம்பரத்துக் கடைத்தெருவில் நாலு பேர் நடுவே மச்சானைப் பிடித்துக்கொண்டான்.

"தகரத்தைச் சுருட்டிக் குடுத்துட்டு அதுக்குச் சீருன்னு பேரா, மச்சான்?"

ஜமாலுதீன் மட்டும் லேசுப்பட்டவனா? "எண்ணெய் காட்டத் துப்பில்லாதவன் வூட்டுக்குத் தங்கத்துல செஞ்சு மாட்டுனாலும் துருதான் புடிக்கும்" என்று திருப்பிக் கொடுத்தான்.

அவ்வளவுதான். அன்றோடு பேச்சு அறுந்தது. போட்டவன் வந்து சரிபண்ணட்டும் என்று இவன். தகரம் என்றவன் உடைத்துப் போடட்டும் என்று அவன். டாக்சி ஏழு மாசமாகத் தெருவில் நின்று காய்ந்தது.

இதற்கிடையில் மலிகாவுக்கு ஏழாம் மாசம் பிறந்தது. தலைப்பிரசவம், தாய்வீட்டுக்குப் போக வேண்டும். வாப்பா இல்லாத வீடு, அண்ணன்தான் வந்து அழைத்துப் போக வேண்டும். போவதைத் தடுக்க மாட்டேன், ஆனால் வண்டியும் எடுக்க மாட்டேன், பஸ்ஸில் போகட்டும் என்றுவிட்டான் நூர்முகம்மது. மலிகா படுத்தபடி யோசித்தாள். இன்றைக்கு பஸ்ஸில் போனால் நாளைக்குப் பிள்ளையோடு திரும்புவதும் பஸ்ஸில்தான். அப்புறம் பெருநாளைக்கும் அப்படியே. ஒருத்தரை ஒருத்தர் ஏறிட்டுப் பார்க்காத இரண்டு வீட்டுக்கு நடுவே பிள்ளையைப் பெற்று யார் கையில் கொடுப்பது?

ஜமாலுதீன் வந்தான். வீட்டுக்குள் நுழையாமல் தெருவிலேயே நின்றான். மலிகாவின் மாமியார் ஆசியா உம்மாள் தேத்தண்ணியை வெளியே கொண்டுபோய்க் கொடுத்து, "சம்பந்தி வூட்டுப் புள்ளைய ரோட்டுல நிக்கவச்சு ஊத்தறேன், என் தலையெழுத்து" என்று இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தாள்.

மலிகா வாசலுக்கு வந்தாள். "அண்ணே, அது நிமுந்தாத்தான் நான் கிளம்புவேன்" என்று ஷட்டரைக் காட்டினாள்.

அவன் தங்கச்சியின் வயிற்றைப் பார்த்தான். சட்டையைக் கழற்றினான். டாக்சியின் சாமான் பையை அவளே தூக்கிவந்து வைத்தாள். காரைத் துடைத்துக்கொண்டிருந்த நூர்முகம்மது அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான். ஜமாலுதீன் மண்ணெண்ணெய் விட்டு, துருவைச் சுரண்டி, காடி நெடுக கிரீஸ் தடவினான். நெளிந்த தகட்டைத் தட்டி நேராக்கினான். பிறகு குனிந்து தூக்கினான். ஒரு பக்கம் ஏறியது, மறுபக்கம் மாட்டிக்கொண்டது. மறுபடி தூக்கினான், மறுபடியும் கோணல். ரெண்டு முனையையும் ஒரே மூச்சில் தூக்கினால்தான் அது நேராக ஏறும். அதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. நூர்முகம்மது கார்க் கண்ணாடியை அழுத்தித் துடைத்தான்.

மலிகா முந்தானையைச் செருகிக்கொண்டு போய், மறுமுனையில் கைவைத்துக் குனியப் போனாள்.

"ஏய், நகரு" என்று துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான் நூர்முகம்மது. அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு அந்த முனையைப் பிடித்தான்.

இப்போது ரெண்டு பேரும் குனிந்தபடி இருந்தார்கள். தூக்கு என்று யாராவது சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் தோற்றமாதிரி. உப்பனாற்றுக் காற்று ரெண்டு பேர் முதுகிலும் அடித்தது.

கனத்தைத் தூக்கும்போது எந்த முஸ்லிம் வாயிலும் தானாக வருகிற சொல் ஒன்று உண்டு. அது ரெண்டு வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"பிஸ்மில்லா."

ஷட்டர் கடகடவென்று மேலே ஏறிச் சுருண்டது.

ரெண்டு பேரும் கிரீஸ் கையோடு நின்றார்கள். ஆசியா உம்மாள் துணிமூட்டையோடு வெளியே வந்து, இதற்கு ஏழு மாசம் ஆகணுமா என்று வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள். நூர்முகம்மது துடைத்த துணியைக் கிழித்துப் பாதியை மச்சானிடம் நீட்டினான்.

"மச்சான், உங்க வூட்டாண்ட வண்டி நிறுத்த எடம் இருக்கா?"

ஜமாலுதீன் கையைத் துடைத்து முடித்தான். அப்புறம், "வண்டியும் நிக்கலாம், ஓட்டறவரும் தங்கலாம்" என்றான்.

சிதம்பரம் போகிற வழியெல்லாம் முன்சீட்டில் ரெண்டு பேரும் ஓயவில்லை. பிள்ளைக்குப் பேர் வைப்பது யாரென்று வெள்ளாற்றுப் பாலத்திலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. பின்சீட்டில் மலிகா வயிற்றில் கையை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.