பால்ட்ஸின் தாடி

என் மருந்து உறைய மறுத்த வாரத்தில்தான் என் கணவர் பால்ட்ஸ் தாடியை எடுத்தார். மறுநாள் எங்கள் சுவிஸ் நகரமான பாசெலில் ஃபாஸ்நாக்ட் என்னும் முகமூடித் திருவிழா. முகமூடிக்குள் இருந்தபடி குழல் ஊத வேண்டும்; தாடி குத்துகிறதாம்.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் வேதியியலாளர்கள். ஒற்றைத் தலைவலிக்கான அந்தச் சேர்மத்தை, மூலக்கூறின் ஓரங்களை மாற்றி மாற்றி நான்தான் வடிவமைத்தேன். முதல் தடவை பால்ட்ஸ் தயாரித்தபோது வெள்ளைப் படிகமாக வந்தது. அதெல்லாம் சோதனைகளுக்கே தீர்ந்துபோனது. இந்தத் தடவை குடுவையில் பிசினாக நின்றது. பிசினை வைத்து மாத்திரை செய்ய முடியாது. திருவிழா முடிவதற்குள் படிகம் வராவிட்டால் இதைக் கைவிடுவதாகத் தலைவர் ஷ்டேலின் சொல்லிவிட்டார்.

கீறலில் படிகம் பிடிக்கத் தொடங்கும் என்று கண்ணாடிக் கம்பியால் குடுவையின் உள்பக்கத்தைக் கீறினேன். குளிரவைத்தேன். கெஞ்சியும் பார்த்தேன்.

"பழைய படிகத்துல ஒரு துகள் விழுந்தா போதும்மா, மிச்சமும் கட்டிக்கும்," என்றார் ஷ்டேலின். "இவன் தாடியில செஞ்ச மருந்தோட தூளெல்லாம் ஒட்டியிருக்குமே. டேய், தாடி எங்கடா?"

"ஊருக்காகத் தியாகம் பண்ணிட்டேன் சார்."

"என் மருந்தையும் சேத்துத்தான்," என்றேன். "மூஞ்சியப் பாரு, உரிச்ச முட்டையாட்டம்."

"முட்டைகூடக் கட்டியாகுது. உன் பிசினுக்குத்தான் ரோஷமே இல்ல."

மழித்தபின் முகம் கழுவும் தொட்டியைச் சுத்தம் செய்யவே மாட்டார். அதற்காக வீட்டில் நடக்காத சண்டையில்லை. அன்று மாலை நான் குனிந்து, காய்ந்து ஒட்டியிருந்த முடிகளை ஒரு சிறு குப்பியில் எடுத்தேன்.

"என்ன, திட்டலயா?" என்றார், முகமூடியை மாட்டிக்கொண்டே.

"கழுவியிருந்தாத்தான் இன்னைக்குத் திட்டு."

பிசினில் கொஞ்சம் தனியே எடுத்து ஒரு முடியைப் போட்டுவைத்தேன். மறுநாள் தெருவெல்லாம் மேளம். ஆய்வகத்தில் நான் மட்டும். முடியைச் சுற்றி வெள்ளை ஊசிகள் முளைத்திருந்தன. அவற்றில் ஒன்றைக் குடுவையில் போட்டதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் வெளுத்து இறுகியது.

"அறிக்கையில எப்படிம்மா போடுறது?" என்று ஷ்டேலின் தலையைச் சொறிந்தார்.

தாடிதான் காரணம் என்று பால்ட்ஸ் கடைசிவரை பீற்றிக்கொண்டார். நான் கீறிய கீறல்தான் என்று நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் போனபிறகு தொட்டி எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கிறது. தாடிதான் என்று ஒப்புக்கொள்ள இப்போது நான் தயார். கேட்டுப் பீற்றிக்கொள்ளத்தான் ஆளில்லை.