மறுமுனை மட்டும்

அந்தக் கருவிக்கு எங்கள் வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். கல்யாணம் முடிவான பிறகு, என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் எனக்குக் கொடுத்த முதல் பொருள் அது. காரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிட்டால் போதும். ஃபோனில் ஓடும் பாட்டை எஃப்.எம். அலையாக மாற்றி அனுப்பும், கார் ரேடியோ அதைப் பிடித்துப் பாடும். அழைப்பு வந்தால் பாட்டு நின்று, கூப்பிட்டவரின் குரல் வரும். நாம் சொல்வதை அதிலேயே இருக்கும் சின்ன மைக் வாங்கிக்கொள்ளும். அப்பாவின் கார் பழையது, அதில் ப்ளூடூத் கிடையாது. அவருடைய காரிலும் கிடையாது. அதனால் ஒரே கடையில் இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரே அலைவரிசையில் வைத்து, ஒன்றை எனக்குக் கொடுத்தார். எண்பத்தேழு புள்ளி ஒன்பது. அந்த இடத்தில் எந்த நிலையமும் கிடையாது, வெறும் இரைச்சல்தான்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

என்ன சொல்வது என்று தெரியாத இடங்களில் நான் சிரித்துவிடுவேன். அது எனக்குப் பழக்கம்.

அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். விடியும் முன்பே லாரிகளில் பால் வந்துவிடும். ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி எடுத்துக் கொழுப்பு, அமிலம், கலப்படம் எல்லாம் பார்த்து, நான் சரி என்று எழுதினால்தான் அந்தப் பாலை இறக்குவார்கள். நான் பேசாமலே என் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் அதுதான் என்று அம்மா சொல்வாள்.

அன்றைக்கு வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போனோம். வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. அவர் முன்னால் தன் காரில் போக, அப்பா, அம்மா, நான் மூவரும் பின்னால் போவதாக ஏற்பாடு. அவர் என்னைத் தன் காரில் வரச் சொன்னார். அப்பாவோடு வருகிறேன் என்றேன். பிடிக்காமல் இல்லை. அவரோடு பேசுவதற்கென்று நான் யோசித்து வைத்திருந்த இரண்டு விஷயங்களும் போன சந்திப்பிலேயே தீர்ந்துபோயிருந்தன.

அப்பா முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகவே மாட்டார். அவர் விடும் இடைவெளியில் ஊரில் உள்ள வண்டியெல்லாம் வந்து நுழையும்.

"நடுவுல ஒரு பள்ளிக்கூடமே கட்டலாம், விளையாட்டு மைதானத்தோட" என்றாள் அம்மா. "மாப்பிள்ளை கண்ணுக்கே தெரியல."

அப்பா வேகத்தைக் கூட்டவில்லை. முப்பது வருஷம் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவரை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பது அவர் எண்ணம்.

வழியில் அம்மாவின் ஃபோனில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கருவியில் இருக்கும் துளையில் போட்டால் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். அதனால் அம்மா அதைப் பிடுங்கி, தன்னுடைய சார்ஜரைச் செருகினாள்.

"மாப்பிள்ளையைக் கழட்டிட்டேன். பத்திரமா வெச்சுக்க" என்று பின்சீட்டில் இருந்த என்னிடம் நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ரேடியோவை யாரும் நிறுத்தவில்லை. அது அதே எண்ணில் இரைந்துகொண்டிருந்தது. அப்பா அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரைச்சல் நின்றால்தான் அவருக்குத் தெரியும்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடைந்தன. எங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்ததில், வேறு வழியில்லாமல் அப்பா காரை நகர்த்தி, முன்னால் நின்றிருந்த மாப்பிள்ளையின் காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடந்து போகலாம், அவ்வளவுதான் இடம்.

இரைச்சல் நின்றது. ஒரு பாட்டின் நடுப்பகுதி தெளிவாக வந்து, சட்டென்று அறுந்தது.

"போய்ச் சேந்துட்டியாடா?" என்றது ரேடியோ.

அம்மா தன் ஃபோனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அது அத்தையின் குரல். அவருடைய அம்மா.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவருடைய கருவி அனுப்பும் அலைக்குச் சில அடி தூரம்தான் பலம். அந்தச் சில அடிக்குள் நாங்கள் நின்றிருந்தோம். எங்கள் கருவி செருகியிருந்தால் அவருடையது உள்ளே நுழைந்திருக்காது. இன்னொன்றும் புரிந்தது. ரேடியோவுக்கு வருவது ஃபோனில் கூப்பிட்டவரின் குரல் மட்டும். காரில் இருப்பவர் பேசுவது மைக் வழியாக ஃபோனுக்குப் போய்விடும், அது எங்களுக்குக் கேட்காது. ஆகவே அத்தை பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். நிறுத்திய இடங்களிலெல்லாம் மகன் பேசினார் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு கண்ணாடிகளுக்கு அப்பால் அவருடைய தலை அசைவது மட்டும் தெரிந்தது.

அப்பா ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒட்டுக் கேக்கறது தப்பு" என்றார் அப்பா.

"நாம எங்கே ஒட்டுக் கேக்கறோம்? நாம சும்மா உக்காந்திருக்கோம். அது தானா வருது."

"பின்னாடியே வர்றாங்களா? சரி" என்றார் அத்தை. "அந்தப் பொண்ணு எதுல வருது?"

இடைவெளி.

"ஏன், உன் கூட வரலையா? அது வாயைத் தொறந்து பேசி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லைடா."

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. "ஆரம்பிச்சாச்சு" என்றாள். இனி என்னென்ன வரும் என்று அவளுக்குத் தெரியும் என்பது போல உட்கார்ந்திருந்தாள். நானும் அதே மாதிரி எதையோ எதிர்பார்த்துத்தான் மடியில் இருந்த கருவியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அத்தை வீட்டைப் பற்றிக் கேட்டார். தண்ணீர், வெளிச்சம், மாடிப்படி எல்லாம் விசாரித்தார். பிறகு கேட்டார்.

"உன் கடை பக்கத்துல, சரி. அங்கேருந்து அவ எப்படி வேலைக்குப் போவா? விடியக் காலைல போகணும்னு சொன்னாங்களே, அந்நேரத்துக்குப் பஸ் இருக்கா?"

இந்த இடைவெளி நீளமாக இருந்தது. அவருடைய வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து எழுந்து, காற்றில் எதையோ ஒதுக்கிவிட்டு இறங்கியது.

"வேலையை விட்டுடுவாளா? அவளா சொன்னாளா?"

இடைவெளி.

"அப்ப நீயா சொல்றே."

அப்பா கையை அம்மாவிடமிருந்து விடுவித்துக்கொண்டார். ஆனால் ரேடியோவைத் தொடவில்லை.

"சிரிச்சாளா?" என்றார் அத்தை. "சிரிச்சா சரின்னு அர்த்தமாடா? உங்கப்பா சொன்னதுக்கெல்லாம் நானும்தான் சிரிச்சேன். அப்புறம் என்ன ஆச்சு? வாழ்நாள் பூரா அவருக்கு நான் சிரிச்ச முகம்னு பேர்."

ரயில் வந்தது. அது போகும்வரை எதுவும் கேட்கவில்லை. கேட் தூக்கியதும் அவருடைய கார் கிளம்பியது. அத்தை, "வாயால ஒரு வார்த்தை கேளு. கேட்டுட்டு அப்புறமா வீட்டுக்கு..." என்று சொல்லும்போதே இரைச்சல் மூடிக்கொண்டது. அப்பா வழக்கம்போல இடைவெளி விட்டுப் போனார்.

பிறகு அம்மா, வேலையை விடுவதாக நான் அவரிடம் எப்போது சொன்னேன் என்று கேட்டாள். சொல்லவே இல்லை என்றேன். அப்படியென்றால் எதற்குச் சிரித்தாய் என்றாள். போன சந்திப்பில், 'கல்யாணத்துக்கு அப்புறம் காலைல அவ்வளவு சீக்கிரம் எந்திரிக்கிற கஷ்டம் உங்களுக்கு இருக்காது' என்று அவர் சொல்லியிருந்தார். கூடத்தில் எனக்கு வேறு நேரம் மாற்றித் தருவார்கள் என்று அவர் நினைக்கிறார் போல என எண்ணிக்கொண்டு நான் சிரித்திருந்தேன். இதை அம்மாவிடம் சொன்னபோது எனக்கே அது சரியாக இல்லை.

அப்பா மட்டும், கேட்டதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்றார். அந்த அம்மாளைச் சங்கடப்படுத்தின மாதிரி ஆகிவிடும்.

"அப்ப எப்படிக் கேக்கறதாம்?" என்றாள் அம்மா.

"அது அவ பாடு" என்றார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். முன்னறையில் இரண்டு ஜன்னல்கள். சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேரே வெளிச்சம் விழுந்தது. வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டி, தண்ணீர் வருகிறது என்று எங்களைக் கொண்டே சொல்ல வைத்தார். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். படுக்கையறையில் அலமாரி எங்கே வரும் என்று எனக்குக் காட்டினார். ஜன்னலிலிருந்து பார்த்தால் கடைத்தெரு தெரிந்தது. அவருடைய கடையின் பெயர்ப்பலகையில் வரைந்திருந்த பெரிய கண்ணாடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

அம்மா என்னையே பார்த்தாள். அப்பா குழாயைப் பார்த்தார். என் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. அதை நான் தெரிந்தே நிறுத்தினேன். முகம் எப்படி ஆயிற்றோ தெரியாது. பல்வலியா என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார்.

"திரும்பிப் போகும்போது உங்க கார்ல வர்றேன்" என்றேன்.

அவருக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குச் சொல்கிறேன் என்று வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லிவிட்டு, கார் முன்சீட்டிலிருந்த அட்டைப்பெட்டிகளைப் பின்னால் தள்ளினார். எங்கள் கருவியை அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா அதைச் செருகாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கிளம்பியதும் அவர் என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார். பாட்டு வேண்டாம் என்றேன். கடைத்தெரு முடியும்வரை வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கினேன். அடுக்கியபடி வரவில்லை.

"கேட்டுல நின்னப்ப அத்தை பேசினது எங்க கார்ல கேட்டுச்சு."

அவர் கருவியைப் பார்த்தார். அதில் எண்பத்தேழு புள்ளி ஒன்பது நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

"அம்மா பேசினதா?"

"அவங்க பேசினது மட்டும்."

"நான் பேசினது?"

"கேக்கல. ஆனா தெரிஞ்சுது."

அவர் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடம் இல்லை அது. கார் உறுமியது, மறுபடி மாற்றினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றார் பிறகு. கோபமில்லை. உண்மையாகவே கணக்குப் பார்க்கிறவர் போலச் சொன்னார். "அன்னைக்குச் சொன்னப்ப சிரிச்சீங்க. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்."

"அது சரி இல்ல. சும்மா சிரிப்பு."

"இந்த நம்பர் விஷயத்துக்கும் சிரிச்சீங்க."

"அதுவும்தான்."

அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மாதிரியில் இருப்பதைத்தான் எழுத முடியும்.

அப்போது அழைப்பு வந்தது. ரேடியோ முழுக்க மணி அடித்தது. ஃபோன் திரையில் 'அம்மா' என்று வந்தது. அவர் கருவியை நோக்கிக் கையை நீட்டினார். நிறுத்துவதற்கா, எடுப்பதற்கா என்று தெரியவில்லை. அதற்குள் நான் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

"என்னடா, கேட்டியா அவளை?" என்றார் அத்தை.

"அத்தை, நான்தான் பேசறேன்."

மறுமுனையில் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சொல்லும்மா" என்றார் அத்தை.

சொன்னேன். வேலையை விடுவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை, விடப்போவதும் இல்லை. அந்த வீடு நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கிருந்து விடியற்காலையில் வேலைக்குப் போக வழியில்லை. அவர் கடைக்கும் என் கூடத்துக்கும் நடுவில் ஒரு வீடு பார்க்கலாம். அது முடியாது என்றால் இப்போதே சொல்லிவிட வேண்டும், கல்யாண வேலையை அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கடைசி வாக்கியத்தை நான் அடுக்கி வைத்திருக்கவில்லை. அது தானாக வந்தது.

நான் பேசிக்கொண்டே இருக்க, அத்தை நடுவில் "ம்" என்றார், "ஆமா" என்றார், ஒரு தடவை "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். முடித்ததும், "அம்மாடி. இவ்வளவு பேசுவியா நீ?" என்றார். அப்புறம் குரல் மாறியது.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்."

"வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொல்லிட்டு வந்தே?"

"நாளைக்குச் சொல்றேன்னு."

"என்னன்னு சொல்லப் போறே?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் சிரிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்னால் சாலை காலியாக இருந்ததால் பரவாயில்லை.

"வேணாம்னு" என்றார்.

பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவின் கார் எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தது. முன்சீட்டில் அம்மா ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தபடி குனிந்திருந்தாள். எங்கள் கார் வேகம் எடுத்தது, அப்பாவும் எடுத்தார். வளைவில் அவர் மெதுவாகப் போனார், அப்பாவும் போனார். நடுவில் நுழையப் பார்த்த ஒரு டாக்ஸி, இடம் கிடைக்காமல் ஹாரன் அடித்தது. அப்பா விடவில்லை.