நடு அறையில் ஒரு நாள்

பஞ்சை நனைத்து அம்மாவின் உதட்டில் வைத்தபடியே கிருஷ்ணகுமார் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். மறுமுனையில் ஷெமி, திரைப்படக் காப்பகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

"நாலு மணிக்குத்தான் இருபத்துநாலு மணிக்கூர் ஆகும் சாரே," என்றாள்.

அப்போது பதினொன்று. மதியம் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கரமனையில் யாரோ கொடுத்த பழைய ஃபிலிம் டப்பா அது. கூட இருந்த குறிப்பு நேற்றுத்தான் கண்ணில் பட்டது: ஆற்றங்கரை, சிவகாமி, மூத்த மகனுடன். அம்மாவின் பெயர்தான் சிவகாமி. மகன், கிருஷ்ணகுமார் பிறக்கும் முன்பே, மூன்று வயதில், காய்ச்சலில் போன அண்ணன். ஒரு போட்டோகூடக் கிடையாது. படம் இருப்பதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பில்லை.

"அவன் மொகம் மறந்துபோச்சு மக்ளே. ஒருக்கா காட்டிரு."

குளிர் அறையிலிருந்து எடுத்த டப்பாவை ஒரு முழு நாள், குளிருக்கும் வெளிச்சூட்டுக்கும் இடைப்பட்ட நடு அறையில் மூடியே வைக்க வேண்டும். இந்த ஊர் ஈரக்காற்றில் உடனே திறந்தால் ஃபிலிம் வியர்த்து, படம் உரிந்துவிடும். அந்த அறைக்குப் பதில் கேன்டீன் போடலாம் என்றவர்களிடம் ஒற்றைக்காலில் நின்று அதைக் கட்டவைத்தவரே கிருஷ்ணகுமார்தான். அவசரமென்று எந்தக் கொம்பன் வந்தாலும், பொறுத்தார் பூமி ஆள்வார் என்று திருப்பி அனுப்புவார். உபதேசமெல்லாம் ஊருக்குத்தானே.

"தொறந்துரு ஷெமி. கெட்டா கெட்டுட்டுப் போட்டு. ஓடுத வரைக்கும் ஓட்டி, போன்ல எடுத்து அனுப்பு."



"மாட்டேன் சாரே. யாரு கேட்டாலும் தொறக்கப்பிடாதுன்னு கதவுல ஒட்டியிருக்கு. அடியில சார் போட்ட ஒப்பு."

வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. வேலை போய்விடும் என்று மிரட்டினார். பிறகு கெஞ்சினார். அவள் அழுதாளே தவிர, திறக்கவில்லை.

இரண்டேகாலுக்கு அம்மா போய்விட்டாள். கடைசிவரை கண் அவர் கையிலிருந்த போன் மேலேயே இருந்தது. இந்த ஜென்மத்தில் ஷெமியின் முகத்தில் விழிப்பதில்லை என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

மூன்றாம் நாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்தால், அவள் வாசலில் நிற்கிறாள். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. அவள் போனை நீட்டினாள். வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு கீறல் இல்லை. ஆற்றங்கரையில் மெலிந்த பெண்ணொருத்தி முன்னால் போக, பின்னால் தத்தித் தத்தி ஒரு பையன். முடியாமல் நின்று இரண்டு கையையும் தூக்கினான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வந்து அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

கிருஷ்ணகுமார் சற்று நகர்ந்து, படியில் ஷெமிக்கு இடம் விட்டார்.