இரண்டாவது பெயர்

மத்தியானம் இரண்டேகாலுக்கு அந்தப் பெயர் வரும். ரஜிதா இரண்டு மணிக்கே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் சிறிய பட்டியல் திரையின் வலது மூலையில் இருந்தது. அதில் அவள் பெயருக்குக் கீழே, இரண்டாம் பணியாளர் என்கிற மாதிரி இன்னொரு வரி முளைக்கும். ஆப்ஸ்-2. முகமோ குரலோ கிடையாது. நாற்பது நிமிடம் இருந்துவிட்டுப் போகும்.

ஆறு ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது.

ஈப்போவில் தனேஸ்வரன் நடத்தும் சிறிய நிறுவனம் முப்பத்தேழு இடங்களின் கணினிகளுக்குக் காவல் இருந்தது. கிளினிக்குகள், கையுறைத் தொழிற்சாலை, எண்ணெய் பிழியும் இரண்டு செம்பனை ஆலைகள், தெலுக் இந்தானில் ஒரு டயாலிசிஸ் மையம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஃபயர்வால் பெட்டி இருக்கும். யாரை உள்ளே விடலாம், யாரைத் தடுக்க வேண்டும் என்று அது பார்த்துக்கொள்ளும். அத்தனை பெட்டிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து கட்டளை கொடுக்கும் மென்பொருள் ஈப்போ அலுவலகத்து சர்வரில் ஓடியது. மற்றவர்கள் வேன் எடுத்துக்கொண்டு வயர் இழுக்கப் போனார்கள். அந்த மென்பொருளைக் கையாண்டது ரஜிதா ஒருத்திதான். அதுவும் ஈப்போவில் இருந்து அல்ல. தாப்பாவுக்கு வெளியே, ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது செம்பனைக்கு மாறிவிட்ட நிலத்தின் ஓரத்தில், அப்பா விட்டுப்போன வீட்டிலிருந்து.

பதினொரு நாளைக்கு முன்னால் அந்த இரண்டாவது பெயரை முதலில் பார்த்தபோது அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். உனக்கு ஒரு ஆள் போட்டுத் தாரேன் என்று தனேஸ்வரன் போன வருடமே சொல்லியிருந்தான். போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வந்துவிடும். வந்தவர் பெயர் தெரிந்துவிடும், எவ்வளவு நாளைக்கு என்று தெரிந்துவிடும், ஒருவேளை உன் வேலையைப் படிக்கத்தான் வந்திருக்கிறார் என்றுகூடத் தெரிந்துவிடும். கேட்காமல் இருந்தால் அது அவள் விருப்பப்படி இருக்கும். அது ஒரு பெண் என்று முடிவு செய்துகொண்டாள். கோலாலம்பூரில் பன்னிரண்டாவது மாடி. மதியச் சாப்பாடு முடிந்து, ஐஸ் கோப்பியை மேசையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவள்.

அந்த மென்பொருளில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் மாற்றம் செய்ய முடியும். யார் முதலில் பூட்டைக் கையில் எடுக்கிறாரோ அவர் விடும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ரஜிதா காலையில் எடுத்த பூட்டைச் சாயங்காலம்தான் விடுவாள். மூன்றாம் நாள் 'ஆப்ஸ்-2 பூட்டுக்காகக் காத்திருக்கிறார்' என்று திரையில் ஒரு வரி வந்தது. பிடுங்கிக்கொள்ளாமல் காத்திருக்கிறாளே என்று அவளுக்குப் பட்டது. நல்ல வளர்ப்பு. பூட்டை விட்டுக் கொடுத்துவிட்டு, போய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து இரண்டேகாலுக்கு அதைத் தானாகவே விட்டுவைப்பது பழக்கமாகிவிட்டது.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த மென்பொருளைச் செய்த நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தது. இரண்டு பக்கம். கடவுச்சொல் தெரியாத ஒருவரும் நிர்வாகப் பக்கத்தின் வழியாக உள்ளே நுழைந்து, தனக்கென்று நிர்வாகிக் கணக்கு ஒன்று திறந்துகொள்ள இடம் தரும் பிழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. திருத்தம் இணைக்கப்பட்டுள்ளது. நிர்வாகப் பக்கம் வெளி இணையத்திலிருந்து எட்டாதபடி வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு.

கடைசி வரியை அவள் மூன்று முறை படித்தாள்.

அப்பா தவறியபோது அவள் ஈப்போவில் வாடகை அறையில் இருந்தாள். ஒரே பிள்ளை. முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டி முடியும்வரை வீட்டை விட்டு நகர முடியாது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள் உள்ளறையில் வேலை பார்த்தாள். அந்த வீட்டு இணையம் ஒரு மழைக்குத் தாங்காது. அலுவலகத்துக்குள் பத்திரமாக நுழையும் மறைவழி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்தது. எட்டுச் செலவுச் சடங்கு அன்று ஒரு கிளினிக்கில் எல்லாம் நின்றுபோய் அவர்கள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பொறுமை இழந்து ஒரு விதி எழுதினாள். நிர்வாகப் பக்கத்தை நேராக இணையத்தில் திறந்துவிடும் விதி. 'முப்பத்தோராம் நாள் வரை மட்டும்' என்று பக்கத்தில் குறித்தும் வைத்தாள்.

முப்பத்தோராம் நாள் ஐயர் போய், பந்தி முடிந்து, வாடகை நாற்காலிகளையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். நாலு மணிக்குக் கூடம் பெரிதாகத் தெரிந்தது. அவள் அந்த விதியைத் திறந்து, நீக்கும் பொத்தான்மேல் அம்பை வைத்தாள். நீக்கினால் நாளைக் காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஈப்போ அறைக்குத் திரும்ப வேண்டும். அந்த அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பாய் ஒன்று விரிக்கத்தான் இடம். நாளைக்குச் செய்யலாம் என்று கணினியை மூடினாள். அது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது.

பன்னிரண்டே முக்காலுக்குத் தனேஸ்வரன் கூப்பிட்டான்.

"கிராணியம்மா, சாப்ட்டாச்சா?"

அவள் அப்பா இதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணி. தனேஸ்வரனின் அப்பா மூன்றாம் டிவிஷனில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவன் அந்தப் பெயரை விட்டதே இல்லை. அதில் பாதி செல்லம், பாதி பழைய கோபம்.

"இன்னும் இல்லண்ணே."

"மெயில் பாத்தியா? இங்க எல்லா குரூப்பிலயும் அதே பேச்சுதான். பாஸ்வேர்டு இல்லாமலே உள்ள வாரானாம்லா."

"பாத்தேன்."

"நம்மளது வெளிய தெரியாதுதானே?"

"தெரியாதுண்ணே."

பொய் வாயில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஆப்ஸ்-2 நினைவுக்கு வந்தது. அறிவிப்பில் 'தனக்கென்று நிர்வாகிக் கணக்கு ஒன்று' என்ற இடத்தை மறுபடி தேடிப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க புதுசா யாரையும் போட்டிருக்கீங்களா? என்கூட வேல பாக்க?"

"ஆளா? நானும் போன வருஷத்துலேருந்து தேடுறேன். ஈப்போவுல எவன் இருக்கான், படிச்சவனெல்லாம் சிங்கப்பூருக்கு ஓடிட்டான். ஏன், முடியலையா உனக்கு?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளா நீ? சரி, பேட்ச் போட்டுட்டு ஒரு வார்த்த சொல்லு."

அவன் வைத்ததும் ஃபோனை ஓரமாகத் தள்ளினாள்.

பிறகு பதிவேட்டைத் திறந்தாள். யார் எப்போது உள்ளே வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று அந்த மென்பொருள் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருந்தது. பூட்டை விடும்போது அவள் எழுதிய குறிப்புகளும் அதே வரிசையில் நின்றன.

மூன்றாம் நாள்: 'நீங்க முதல்ல பாருங்க. நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வாரேன்.' அதற்கு அடுத்த வரியில், ஆப்ஸ்-2 முப்பத்தேழு இடங்களின் அமைப்புகளையும் மொத்தமாக இறக்கி எடுத்திருந்தது. கடவுச்சொற்களும் அதில்தான் இருந்தன.

ஐந்தாம் நாள்: 'இங்க மழை வரப்போகுது, லைன் போயிடும். அதுக்குள்ள முடிச்சிடுங்க.' அடுத்த வரியில், தெலுக் இந்தான் டயாலிசிஸ் மையத்துக்குள் யாரும் அறியாமல் போய்வர ஒரு வழி திறக்கப்பட்டிருந்தது.

எட்டாம் நாள்: 'வணக்கம். என் பேரு ரஜிதா. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?' அடுத்த வரியில் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஆப்ஸ்-2 எதையும் தொடவில்லை. நாற்பது நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் போயிருந்தது. அந்த நாற்பது நிமிடமும் தானும் சும்மா உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது. பதில் எழுத யோசிக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். யோசிக்க அதிகம் இல்லை. அந்தக் கணக்கை நீக்கி, திருத்தத்தைப் போட்டு, விதியை அழித்து, கடைசியாக 'பழைய பதிவுகளை நீக்கு' என்பதை அழுத்தினால் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பதிவேட்டை அவளைத் தவிர யாரும் திறந்து பார்த்ததில்லை, இனியும் திறக்கப்போவதில்லை. ஆனால் முப்பத்தேழு இடத்துச் சாவிகளும் வேறு யாரிடமோ இருக்கும், அந்த இடங்களுக்கு அது தெரியாது. சொன்னால் வேலை போகும். இந்த வேலை போனால், காலையில் எழுந்து தலைவாரிக்கொள்ள அவளுக்கு வேறு காரணம் இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தேத்தண்ணி குடிச்சிட்டு வாரேன் என்ற வரியைத் தனேஸ்வரன் படிப்பதைத்தான் அவளால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் பொய் சொல்லிட்டேன். நம்மளது வெளிய தெரியுது. அப்பா செத்தப்ப நான்தான் தொறந்தேன், மூடல. ஒருத்தன் உள்ள இருக்கான். பதினோரு நாளா."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பதினோரு நாளா உன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு."

"என்ன பட்டுச்சு?"

"நீங்க எனக்குத் தொணைக்குப் போட்ட ஆளுன்னு நெனச்சேன். நாந்தான் தினமும் வழி விட்டுக் கொடுத்தேன்."

அவன் உடனே திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். வெளியே, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று மண்சாலையில் குலுங்கிக்கொண்டு போனது.

"ஏன் ரஜி," என்றான் கடைசியில். கிராணியம்மா என்ற விளி போய்விட்டிருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

அவள் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அண்ணே, சர்வர் ரூமுக்குப் போங்க. இங்கேருந்து நான் எதையாவது அழிச்சா அவன் வேற வழி வெச்சிருப்பான். வயர புடுங்கணும். பதிவெல்லாம் அப்படியே இருக்கட்டும், யாரும் தொடாம."

"எல்லாமேவா?"

"எல்லாமே. நான் எழுதுனதும் சேத்து."

அவன் படியேறும் மூச்சு கேட்டது. சாவி போடும் சத்தம். அப்புறம் குளிர்சாதனத்தின் இரைச்சல்.

"அடக் கடவுளே, என்னடா இது, இடியப்பக் கூடையாட்டம் கெடக்கு. எந்த வயரு?"

"மேலேருந்து மூணாவது பெட்டி. பின்னால மஞ்ச வயரு."

"மஞ்ச ரெண்டு இருக்கு."

"பேப்பர் டேப் ஒட்டினது. என் கையெழுத்து இருக்கும்."

"இரு, கண்ணாடியப் போட்டுக்குறேன்."

திரையின் வலது மூலையில் இரண்டாவது வரி முளைத்தது. மணி இரண்டேகால். 'ஆப்ஸ்-2 பூட்டுக்காகக் காத்திருக்கிறார்.' என்ன வேலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டதே என்று உள்ளே ஏதோ ஒன்று ஒரு கணம் சந்தோஷப்பட்டது. ரஜிதா அதை மறைக்க முயலவில்லை. பார்க்க அங்கே யாரும் இல்லை. இது யார்? எந்த ஊர்? அங்கே இப்போது மணி என்ன? அதை இனி அவள் அறியப்போவதே இல்லை.

"கெடச்சிருச்சு," என்றான் தனேஸ்வரன். "புடுங்கட்டா?"

"புடுங்குங்கண்ணே."

திரை அப்படியே நின்றது. இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக, அசையாமல். அரை நிமிடம் கழித்து வெள்ளையாகிப்போனது.

"நாளைக்குக் காலையில ஈப்போவுக்கு வா," என்றான். "வேல இருக்கா இல்லையான்னு இப்ப எனக்கே தெரியல, நாளைக்குப் பேசலாம். இப்ப முப்பத்தேழு எடத்துக்கும் நீயே கூப்புட்டுச் சொல்லு. மெயிலு கியிலு வேணாம், வாயால சொல்லு. சாப்ட்டியா?"

"இல்லண்ணே."

"சாப்ட்டுட்டு... இல்ல, மொதல்ல தெலுக் இந்தானுக்கு ஃபோன் அடி, அங்க மெஷின்ல நோயாளிங்க இருக்காங்க."

டயாலிசிஸ் மையத்தின் எண்ணை அவள் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆறு வருடமாக எல்லாமே மின்னஞ்சலில்தான். மங்களம் என்ற தலைமைத் தாதி ஃபோனை எடுத்தாள்.

"சிஸ்டர், நான் ரஜிதா பேசுறேன். உங்க ஃபயர்வால் பாத்துக்குறது."

"எந்த ரஜிதா? மாசா மாசம் மெயில் போடுமே, அந்த ரஜிதாவா?"

"ஆமா."

"ஐயோ, நீங்க ஆளா!" மங்களம் சத்தம்போட்டுச் சிரித்தாள். "நான் இத்தன வருஷமா அத கம்ப்யூட்டரே அனுப்புதுன்னு நெனச்சேன்லா. எப்பவும் ஒரே மாதிரி இருக்குமா, நானும் பதில் போட்டதே இல்ல. கோச்சுக்காதீங்க."

"இல்ல சிஸ்டர். கோவம் இல்ல." ரஜிதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒரு தப்பு நடந்திருக்கு. என்னால நடந்தது. வெளியாள் ஒருத்தன் உங்க கம்ப்யூட்டருக்குள்ள வர்றதுக்கு வழி இருக்கு. கவுண்டருக்குப் பின்னால சாம்பக் கலர் பெட்டி இருக்கும், அதோட வயர இப்பவே கழட்டணும்."

சிரிப்பு நின்றது. "நோயாளிங்க மெஷின்ல இருக்காங்க. நாலு பேரு."

"மெஷின் அதுபாட்டுக்கு ஓடும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ரெக்கார்டு மட்டும் இன்னைக்குக் கையால எழுதணும்."

"அதெல்லாம் எழுதிக்குவோம். இருங்க, நானே போய்க் கழட்டுறேன். லைன்லயே இருங்க, வெச்சிடாதீங்க."

"வைக்க மாட்டேன்."

ஃபோனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு அந்த அறையின் ஓசைகள் ஒவ்வொன்றாக வந்தன. இயந்திரங்கள் ஒரே சீராக இரைந்தன. யாரோ ஒரு பெரியவர் மைலோ கேட்டார். சர்க்கரை போடக்கூடாது என்று ஒரு பெண் அதட்ட, போட்டாச்சு போட்டாச்சு என்று அவர் சிரித்தார். ரஜிதா ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். இன்னும் முப்பத்தாறு இடங்களுக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. நகராமல், அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, மங்களம் திரும்பி வரக் காத்திருந்தாள்.